கல்லூரி வாசல் வழியாக ஒரு கூடைப்பந்து வாழ்க்கை

கூடைப்பந்தை நம்பி ஒருவர் வாழ்ந்துவிட முடியுமா? அமெரிக்காவில் அதற்கென்று தேய்ந்த பாதை ஒன்று உண்டு. பள்ளியில் நன்றாக ஆடியவர் உதவித்தொகையில் கல்லூரிக்குப் போகிறார். நான்கு ஆண்டுகள் ஆடிக்கொண்டே பட்டம் வாங்குகிறார். உள்நாட்டுத் தொழில்முறை லீக்கில் இடம் கிடைக்காவிட்டால் தைவான், ஜப்பான், ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று போய்ச் சம்பளத்துக்கு ஆடுகிறார். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பிள்ளைகளுக்கு இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் வசப்படும், எதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க இது தக்க நேரம்.

இந்த வட்டாரத்தின் பட்டாசு ஆலைகளில் 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று வெடிவிபத்துகளின் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், பிள்ளைகளாவது ஆலைக்கு வெளியே பிழைக்க வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும், அதற்கு முதற்கட்டமாக 5 கோடி ரூபாயில் நிதியம் அமைக்கப்படும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். படிப்புக்கு வழி பிறந்திருக்கிறது. விளையாட்டை அந்தப் படிப்போடு சேர்த்துக் கட்டுவதா, தனியே விடுவதா என்பதில்தான் பல பிள்ளைகளின் பிற்காலம் இருக்கிறது.

அமெரிக்கப் பாதையின் உள்ளமைப்பு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது 1906இல் தொடங்கிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். இதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. முழு உதவித்தொகை பெற்றவருக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் கல்லூரியின் செலவு. 1972இல் வந்த சட்டம் ஒன்று கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்தது. பெண்கள் அணிகள் அங்கே தழைத்ததற்கு அது பெரிய காரணம்.

இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு படிப்பு. முதல் பிரிவில் ஆட வேண்டுமானால் 9ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புக்குள் மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்றவற்றில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, குறிப்பிட்ட மதிப்பெண் சராசரி வைத்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகும் விடாது. தேர்வில் பின்தங்கினால் அணியின் முதன்மை ஆட்டக்காரரானாலும் வெளியே உட்கார வேண்டியதுதான்.

கல்லூரி முடிந்ததும் வாசல் சட்டென்று குறுகுகிறது. உள்நாட்டுத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 30 அணிகள். அணிக்கு 15 பேர் என்று வைத்தால் 450 இடங்கள். ஆண்டுதோறும் நடக்கும் புதிய வீரர் தேர்வில் மொத்தம் 60 பெயர்கள்வரைதான் அழைக்கப்படும். அந்த 60இலும் பல நாட்டவர் உண்டு. கல்லூரி ஆட்டத்தை முடித்து வெளிவரும் ஆடவரில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் அந்தப் பட்டியலை எட்டுகிறார்கள். அடுத்த படியான ஜி லீக்கில் ஒரு பருவத்துக்கான சம்பளம் 40 ஆயிரம் டாலரைச் சற்றே தாண்டும். அமெரிக்க விலைவாசியில் அது பெரிய தொகை அல்ல.

ஆகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் ஏராளம். அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்குத்தான்: எட்டு மாதம், மிஞ்சினால் பத்து மாதம். கிளப் வீடு தரும். போகவர விமான டிக்கெட் தரும். மாதச் சம்பளம் தரும். முகவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். முழங்கால் ஒருமுறை திருகிக்கொண்டால் அடுத்த ஆண்டு அழைப்பு வராமல் போகலாம். சம்பளப் பாக்கி வைக்கும் கிளப்புகளும் உண்டு. அந்த வழக்குகளுக்கென்றே சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2007இல் தனி நடுவர் மன்றம் அமைக்க நேர்ந்தது.

இந்தியர்கள் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று. ஓர் அணியில் வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று பெரும்பாலான லீக்குகள் வரம்பு வைத்திருக்கின்றன. இரண்டு இடமோ மூன்று இடமோ இருக்கும். அந்த இடத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் நான்கு ஆண்டுகள் நாள்தோறும் பயிற்சி எடுத்தவர்கள். ஜப்பானுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக நினைக்கும் இந்தியர் மோத வேண்டியது அவர்களோடுதான். திறமை குறைவில்லாத இந்திய வீரர்கள்கூட வெளிநாட்டில் ஒன்றிரண்டு பருவங்களுக்கு மேல் நிலைக்காததற்கு இது முக்கியக் காரணம்.

மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு

பஞ்சாபிப் பெற்றோருக்கு டொரன்டோவில் பிறந்த சிம் புல்லர் இந்தப் பாதையில் நடந்தவர். உயரம் 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழக அணியில் 2012 முதல் 2014 வரை இரண்டு பருவங்கள் ஆடினார். இரண்டு ஆண்டும் தம் மண்டலப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. அதன் பின் என்பிஏ தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். எந்த அணியும் அழைக்கவில்லை. 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணி பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. இந்திய வம்சாவளியினர் ஒருவர் என்பிஏ ஆட்டத்தில் இறங்கியது அதுவே முதல்முறை. மூன்று ஆட்டங்களில் சில நிமிடங்கள் களத்தில் நின்றார். அங்கே அவருடைய என்பிஏ கதை முடிந்தது.

தொழில் முடியவில்லை. 2016இல் தைவானுக்குப் போனவர் அங்கேயும் சீனாவிலும் பல பருவங்கள் சம்பளத்துக்கு ஆடினார். செய்தித்தாள்கள் அந்த மூன்று ஆட்டங்களை எழுதின. அவருக்குச் சோறு போட்டது தைவான். அந்த அழைப்பு கல்லூரி அணியில் ஆடியதால் வந்தது. இரண்டு பருவங்கள் பெரிய அரங்குகளில், பயிற்சியாளர்களும் தேர்வாளர்களும் பார்க்க ஆடியவரின் பெயர் பல நாட்டுக் கிளப்புகளின் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது.

இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சத்னாம் சிங் பமாராவின் கதை வேறு திசையில் போனது. பஞ்சாபில் பர்னாலா மாவட்டத்துப் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சங்கரன் சுப்பிரமணியன் என்ற மூத்த பயிற்சியாளரிடம் பாடம் கேட்டார். 2010இல் 14 வயதில், உதவித்தொகை பெற்ற எட்டு இந்தியச் சிறார்களில் ஒருவராக ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது. உடம்பு 7 அடி 2 அங்குலத்துக்கு வளர்ந்தது, ஆட்டமும் வளர்ந்தது. முதல் பிரிவுக் கல்லூரிகள் கேட்கும் பாடத் தகுதி மட்டும் கைகூடவில்லை.

எனவே கல்லூரியைத் தாண்டி நேரே தேர்வுக்குப் போனார். 2015 ஜூனில் டல்லஸ் மேவரிக்ஸ் 52ஆவது பெயராக அவரை அழைத்தது. என்பிஏ தேர்வில் அழைக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான். இரண்டு பருவங்கள் டல்லஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் கழிந்தன. பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பிறகு கனடாவில் ஒரு பருவம். 2019இல் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி இரண்டு ஆண்டுத் தடை. தடைக் காலத்தின் முடிவில், 2021இல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தக் காட்சிக்கு மாறிவிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. கிராமத்துச் சிறுவன் ஒருவன் ஏறிய உயரம் பெரிது. அவருக்குக் கிடைக்காமல் போனது கல்லூரி தரும் நான்கு ஆண்டு அவகாசம். 19 வயது உடம்பு ஆட்டத்தில் முதிரவும், மொழி பழகவும், கையில் ஒரு பட்டம் சேரவும் அந்த நான்கு ஆண்டுகள் உதவியிருக்கும். 9ஆம் வகுப்பிலேயே பாடங்களை யாராவது கணக்குப் பார்த்திருந்தால் கதை மாறியிருக்க வாய்ப்புண்டு.

அதே ஐஎம்ஜி குழுவில் போன சத்தீஸ்கரின் கவிதா அகுலா படிப்பையும் இழுத்துப் பிடித்தார்; அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகத்தில் முதல் பிரிவு அணியில் சேர்ந்தார். பின்னர் பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ் அதே மாநிலத்து வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போனார். இவர்களைப் பற்றி வந்த செய்தி சத்னாமைப் பற்றி வந்ததில் நூறில் ஒரு பங்குகூட இராது. சிவகாசிப் பக்கத்துப் பெற்றோர் மகளுக்கு முன்மாதிரி தேடினால் இந்த இருவரைத்தான் பார்க்க வேண்டும்.

சென்னையில் அமைந்த இன்னொரு பிடிமானம்

அமெரிக்கக் கல்லூரி செய்யும் வேலையைத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகச் செய்துவந்தவை ரயில்வே, வங்கி, காவல் துறை அணிகள். தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி போன்றவை ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. மாதச் சம்பளமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் அதில் உண்டு. ஆட்டம் நின்ற பிறகும் அலுவலகத்தில் நாற்காலி இருக்கும்.

கேரளத்துக் கோட்டயம் பகுதியில் பிறந்த கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேயில் வேலைபார்த்துச் சென்னையிலிருந்து ஆடியவர். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலியக் கிளப்புக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் அணிகள் அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தன. ஒப்பந்தம் அமையவில்லை. அதனால் அவர் தெருவில் நின்றுவிடவில்லை. ரயில்வே வேலை இருந்தது, இந்திய அணி இருந்தது, 2014இல் அர்ஜுனா விருதும் வந்தது.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவி ஆனவர். அவரும் தெற்கு ரயில்வே. பதினெட்டு ஆண்டுக் காலம் இந்தியாவுக்கு ஆடினார். பிள்ளை பெற்ற பின் திரும்பி வந்து, 2017இல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். மகப்பேற்றுக்குப் பிறகு மீண்டும் களத்துக்கு வர முடிந்ததற்கு அவருடைய மன உறுதியோடு நிரந்தர வேலையும் துணை நின்றிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அந்தப் பழைய பிடிமானம் இப்போது முன்போல் அகலமாக இல்லை. பொதுத்துறை நிறுவனங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனங்கள் எண்ணி எடுக்கப்படுகின்றன. இந்தியாவில் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் நிலைபெறவில்லை. 2015இல் யுபிஏ லீக் வந்தது. சில பருவங்களில் நின்றது. பின்னர் ஐஎன்பிஎல் தொடங்கியது. இவற்றில் சென்னை அணிகளும் ஆடின. ஆனால் சில வாரங்கள் நடக்கும் லீக்கை நம்பி ஓர் இளைஞர் ஆண்டு முழுதும் குடும்பம் நடத்த முடியாது. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71ஆவது தேசிய சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாட்டு ஆடவர் அணி பட்டம் வென்றது. அவ்வளவு வலுவான அணி இருக்கும் மாநிலத்திலேயே நிலைமை இதுதான்.

மீதி இருக்கும் உறுதியான பிடி கல்லூரிப் படிப்பு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டிலும் நுழைய மதிப்பெண்ணும் கல்வித் தகுதியும் வேண்டும். ஆட்டம் வாசலைத் திறக்கும். உள்ளே போகச் சான்றிதழ் வேண்டும்.

கரிசலில் ஒரு களம்

கூடைப்பந்து தமிழ்நாட்டில் பரவியதில் ஒரு கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதே நிறுவனத்தில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பந்தோடும் விசிலோடும் போனார்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் கல்வி வேர்விட்ட விதமும் நினைவில் வைக்கத்தக்கது. காமராஜர் படித்த சத்திரிய வித்யா சாலை வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி. பின்னாளில் ஆலைப் பணமும் கல்லூரிகளாக மாறியது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலுக்கு அடிகோலிய அய்ய நாடாரின் பெயரில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி நிற்கிறது. பெண்கள் கல்லூரி ஒன்றின் பெயரிலேயே ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இருக்கிறது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகாசி அருகே மெப்கோ, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி என்று மாவட்டத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கப் பாதையின் மையக் கண்ணி எதுவோ அது இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

இல்லாதது கிராமத்துக் களம். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கம் கரிசல் மண். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் காலை இழுக்கும். கபடி ஆடலாம், வாலிபால்கூட ஆடிவிடலாம். கூடைப்பந்து ஆட முடியாது. வெடிப்பில் பட்ட பந்து எழும்பாது, திசை மாறி ஓடும். கரிசல் மேலேயே கான்கிரீட் போட்டால் மண் உப்பிச் சுருங்கும்போது தளம் கீறல் விட்டுவிடும். கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல்தான் தளம் போட வேண்டும். இந்த ஒரு விவரத்தை மதிப்பீட்டில் சேர்க்காவிட்டால் போட்ட பணம் இரண்டு மழைக்காலம் தாங்காது.

தடை களம் மட்டுமல்ல. காலையில் ஆலை வேன் ஊருக்குள் வந்து நிற்கும். தாய்மார்கள் தூக்குவாளியோடு ஏறிப் போய்விடுவார்கள். சரம் பின்னுவதும் குழாய் உருட்டுவதும் எண்ணிக்கைக்குக் கூலி. வெடிமருந்து அறையிலும் அந்தக் கணக்கே பல இடங்களில். விளையாட்டுக்குப் போகும் பெண்ணை மாலை ஆறரைக்கு மேல் மைதானத்திலிருந்து கூட்டிவர வீட்டில் ஆள் இருக்காது. பூப்பெய்தியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுவது இதனாலும்தான். பெற்றோரின் பழமைப் பிடிப்பு மட்டும் காரணம் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

செய்ய வேண்டியவை

முதல் தேவை அரைக்களம். முழுக் களத்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டும். அணிக்கு மூவர் ஆடும் ஆட்டத்துக்கு 15க்கு 11 மீட்டர் போதும். ஒரே ஒரு கம்பம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து மூவர் ஆட்டம் பதக்க விளையாட்டு. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி ஒன்றியங்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கலாம். நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில் விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு உட்படும் பட்டாசு, அச்சு, நூற்பாலை, சிமெண்ட் நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளட்டும். களத்தோடு நல்ல ஷூவும் சேர வேண்டும். கான்கிரீட்டில் கேன்வாஸ் ஷூ போட்டு ஆடும் பிள்ளைக்கு 16 வயதிலேயே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

பெண்கள் பயிற்சியைக் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் பள்ளி வளாகத்திலேயே வைக்க வேண்டும். முடிந்ததும் அங்கேயே காலைச் சாப்பாடு, அங்கிருந்தே வகுப்பு. பயிற்சியாளராக ரயில்வே, வங்கி, காவல் அணிகளில் ஆடி ஓய்வு பெற்ற பெண்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அழைக்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகம் இதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தால் போதும்.

அடுத்த பொறுப்பு கல்லூரிகளுடையது. மாவட்டத்தின் ஒவ்வொரு கலை, அறிவியல், பொறியியல் கல்லூரியும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் கூடைப்பந்து ஆடும் இருவருக்கோ மூவருக்கோ கட்டணமோ விடுதிச் செலவோ இல்லாமல் இடம் தர முன்வர வேண்டும். அமெரிக்க நிபந்தனையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்: பருவத் தேர்வில் பாடம் நிலுவை வைத்தால் அடுத்த போட்டிக்கு அணியில் இடமில்லை. பதிலுக்கு, போட்டிக்குப் போன நாட்களின் வகுப்பை ஈடுகட்டத் தனி ஆசிரியர் ஏற்பாடு கல்லூரியின் கடமை. விளையாட்டு வீரருக்கு வருகைப் பதிவை மட்டும் தானம் செய்து, பாடத்தைக் கைவிட்டு அனுப்பும் பழக்கம் அவருக்கு நன்மை செய்வதாகாது.

வெளிநாட்டுக் கல்லூரியை நினைக்கும் பிள்ளைக்கு வேலை 9ஆம் வகுப்பில் தொடங்குகிறது. 9, 10, 11, 12 ஆகிய நான்கு வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் 9ஆம் வகுப்புப் பட்டியலை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே அதுவும் கணக்கில் சேரும். பள்ளி முடித்த பின் கல்லூரியில் சேராமல் ஆண்டுகளைக் கடத்தினால் கல்லூரியில் ஆடும் தகுதிப் பருவங்கள் குறையக்கூடும். ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசவும் எழுதவும் தனிப் பயிற்சி வேண்டும்.

பணம் பிடுங்கும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. கல்லூரி உதவித்தொகையை உறுதி செய்துதருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் முன்பணம் கேட்பவரை நம்பக் கூடாது. உதவித்தொகையைக் கல்லூரிதான் எழுத்தில் தரும். மாணவரின் தகுதியைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தகுதி மையம் நேரடியாகச் சரிபார்க்கும். அமெரிக்கப் படிப்பு பற்றிச் சென்னையில் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொழில்முறை ஒப்பந்தமானால், சர்வதேசக் கூட்டமைப்பின் உரிமம் பெற்ற முகவரா என்று பெயரைச் சரிபார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்திலும், 2025 முதல் கல்லூரியின் வருவாயிலும் பங்கு பெறுகிறார்கள் என்ற செய்தியைக் காட்டி ஆசை காட்டுவோரும் வரக்கூடும். மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டவருக்கு வேலைக் கட்டுப்பாடுகள் இருப்பதால் அந்தப் பணம் பெரும்பாலும் எட்டாது.

ஊக்கமருந்து பற்றிய பாடம் மாவட்ட அளவிலேயே வர வேண்டும். மருந்துக்கடையில் வாங்கும் சளி மருந்திலும், உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் சத்து மாவிலும் தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கலாம். டப்பாவின் மேலுள்ள விவரத்தைப் படிக்காமல் எதையும் சாப்பிடக் கூடாது என்பதை 15 வயதில் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

சான்றிதழ் இன்னொரு தலைவலி. மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பன்னாட்டுப் போட்டியானால் படிவம் 1, தேசியப் போட்டியானால் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானதானால் 3, தேசியப் பள்ளி விளையாட்டானால் 4 என்று தனித்தனிப் படிவங்கள் உண்டு. உரிய அதிகாரியின் கையெழுத்து அவற்றில் வேண்டும். போட்டி முடிந்து பல ஆண்டுகள் கழித்து, அதிகாரி மாறிய பின் அலைந்தால் கிடைப்பது கடினம். ஒவ்வொரு பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியர் இதற்கென ஒரு பதிவேடு வைத்து, போட்டி முடிந்த மாதத்திலேயே படிவத்தை வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக, 5 கோடி ரூபாய் நிதியத்தின் விதிகளில் இரண்டு வரிகள் சேர்க்கப்பட வேண்டும். விளையாட்டு விடுதியில் சேரும் பிள்ளையின் செலவையும், மாநிலத்துக்கு வெளியே போட்டிக்குப் போகும் பயணச் செலவையும் கல்விச் செலவாகவே அது ஏற்க வேண்டும். விளையாட்டில் ஏற்படும் எலும்பு முறிவு, தசைநார் கிழிவு ஆகியவற்றுக்கான அறுவை சிகிச்சையையும் பிந்தைய பயிற்சியையும் உள்ளடக்கிய காப்பீட்டுத் தவணையை நிதியமே கட்ட வேண்டும். விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் தொடங்கி, கைகால் இழந்து வேலைக்குப் போக முடியாத தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் அடுத்த கல்வியாண்டில் இது விரிவாக வேண்டும். பயனாளிகளின் பட்டியலை மாவட்ட ஆட்சியரும் விளையாட்டு அலுவலரும் சேர்ந்து ஜூன் மாதத்துக்குள், கல்லூரிச் சேர்க்கை முடிவதற்கு முன்பே வெளியிட வேண்டும்.